பின்னால் போகாத ஜீப்

"சத்தம் எங்கேயிருந்து வருது வாத்தியாரம்மா?" என்று சீடர் கேட்டார்.

டிராக்டருக்கு அடியில் குருவின் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை வெளியே நீண்டது.

"பதினாலு நம்பர் ஸ்பேனர்."

சீடர் எடுத்துக் கொடுத்தார்.

இந்தக் குருவுக்குத் தாடி கிடையாது, காவி கிடையாது, ஆசிரமமும் கிடையாது. சாத்தம்பேடு மெயின் ரோட்டில், தன் வீட்டு வாசலிலேயே தகரக் கொட்டகை போட்டு, டிராக்டரும் மினி லாரியும் ரிப்பேர் பார்க்கிற உண்ணாமலைதான் குரு. நாற்பது வயதுக்காரி. சீடர் துரைக்கண்ணு அவளுக்கு மூத்தவர், தலை முழுக்க நரைத்தவர், பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் அவர் "சாவ்தான்!" என்று குரல் கொடுத்தால் பரேடு மைதானமே விறைத்து நிற்கும். இப்போது அவர் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறார். ஊரில் சிரிக்காதவர்கள் இல்லை.

"காலம் பூரா வண்டி ஓட்டினேன். பானெட்டுக்குள்ள இன்னா இருக்குதுன்னு தெரியாமலே சாவச் சொல்றியா?" என்று அவர் தன் மனைவியிடம் ஒருநாள் கேட்டார். சிரித்த ஊருக்கும் அதுதான் பதில்.

கொட்டகைக்குள் இருக்கும்வரை அவருக்கு உண்ணாமலை "வாத்தியாரம்மா", மரியாதையாக "நீங்க". கொட்டகையை விட்டு இறங்கிவிட்டால் "தங்கச்சி", சாதாரணமாக "நீ". இந்த எல்லைக்கோட்டை அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை. பட்டாளத்துப் பழக்கம்.

அவர் கேட்ட சத்தம், ஒரு வருஷமாக ஊர் ஜீப் போட்டுக்கொண்டிருந்த சத்தம்.

சாத்தம்பேட்டில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீடு அபூர்வம். முன்னாள் வீரர் சங்கம் எந்தக் காலத்திலோ ராணுவ ஏலத்தில் எடுத்து வந்த ஜீப் அது. வருஷத்தில் ஒரே நாள்தான் அதற்கு வேலை. காணும் பொங்கலன்று காலையில், போரில் இறந்தவர்களின் வீடு வீடாகப் போகும். வாசலில் நிற்கும். இன்ஜினை அணைப்பார்கள். வண்டியில் வந்தவர்கள் இறங்கி சல்யூட் அடிப்பார்கள். வீட்டிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் வரும். லீவில் வந்திருந்தால் அந்த வீட்டுப் பிள்ளை குடித்திருக்க வேண்டிய தண்ணீர். அதை ஜீப்பின் பின்னால் கட்டியிருக்கும் பச்சைக் கேனில் ஊற்றுவார்கள். எல்லா வீட்டுத் தண்ணீரும் சேர்ந்து, கடைசியில் ஊர் எல்லையில் இருக்கிற நினைவுக் கல்லின் காலடியில் போய்ச் சேரும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அந்த ஜீப் பின்னால் போகக் கூடாது. ரிவர்ஸ் எடுப்பது பின்வாங்குவதாம். செத்தவர்கள் பின்வாங்காதவர்களாம். அவர்களுடைய வண்டி மட்டும் பின்வாங்கலாமா? யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது, ஆனால் சட்டம் போல நிலைத்துவிட்டது. இதற்காகவே ஜீப் நிற்கிற ஷெட்டுக்கு முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. முட்டுச்சந்துக்குள் இருக்கும் வீட்டுக்குப் போனால், ஊர்க்காரர்கள் கூடி, ஜீப்பை அப்படியே தூக்கித் திருப்பி வைப்பார்கள். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதை இந்த ஊரில் பயபக்தியோடு செய்வார்கள்.

போன வருஷம் காணும் பொங்கலன்று சத்தம் ஆரம்பித்தது. நின்ற வண்டி கிளம்பும்போது மட்டும் அடிவயிற்றிலிருந்து டக்... டக்... டக் என்று வரும். யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுவது போல. கொஞ்சம் வேகம் பிடித்தால் அடங்கிவிடும். ஷெட்டில் நிறுத்தி இன்ஜினை ஓட விட்டால் சாது போல் முனகிக்கொண்டிருக்கும்.

வேலூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து டேப்பட் சரி செய்தார். சத்தம் போகவில்லை. இன்னொருவர் வந்து கிளட்சைப் பிரித்து மாட்டினார். சத்தம் போகவில்லை. மூன்றாவதாக வந்தவர் காதில் விரலை விட்டுக் குடைந்துகொண்டே, "உள்ள பேரிங் போயிடுச்சு. இன்ஜினை எறக்கணும். இந்தக் காலத்து இன்ஜினுக்குச் சாமான் கிடைக்காது" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

ஊருக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. அதற்கு வேறு காரணம் கிடைத்திருந்தது.

"பச்சையப்பன் தட்டுறான்" என்றார்கள்.

பச்சையப்பன் உண்ணாமலையின் கணவன். நாயக் பச்சையப்பன். பனிமலையில் போர்முனைக்கு ரேஷன் கொண்டுபோன லாரியோடு பள்ளத்தில் போனவன். அவன் வீட்டு வாசலில் ஜீப் நிற்பதில்லை. சங்கத்தின் கணக்கில் எதிரியின் குண்டு பட்டுச் செத்தால் வீரமரணம், உருண்டு செத்தால் விபத்து. போன வருஷம் அந்த வாசலைத் தாண்டும்போது குறுக்கே எருமை வந்து, ஜீப் நின்று கிளம்பியது. முதல் டக் அங்கேதான் கேட்டது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது.

சங்கத் தலைவர் ஆனரரி கேப்டன் முனிரத்தினத்துக்கு இந்தப் பேச்சு கட்டோடு பிடிக்கவில்லை. பொங்கலுக்கு முந்தைய வாரம் கொட்டகைக்கு நேரில் வந்தார். செருப்பில் கிரீஸ் படாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார்.

"உன்னால முடியுமாம்மா?"

"பாத்துட்டுச் சொல்றேன் சார்."

"காணும் பொங்கலுக்குள்ள சத்தம் போவணும். போவலன்னா இந்த வருஷத்தோட சரி. ஊர் முகப்புல பீடம் கட்டி ரெடியா இருக்குது. இன்ஜினைக் கழட்டிட்டு ஜீப்பை மேல ஏத்திடுவோம். நாலு பக்கமும் லைட்டு. போறவன் வர்றவன்லாம் போட்டோ எடுத்துக்கினு போவட்டும். ஊர்வலமும் வேணாம், இந்தப் பேய்ப் பேச்சும் வேணாம்."

கேப்டன் போன பிறகு துரைக்கண்ணு கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் பற்றி எரிந்தது. ஒவ்வொரு வருஷமும் அந்த ஜீப்பை ஓட்டுகிறவர் அவர்தான். ஒவ்வொரு வருஷமும் இந்த வாசல் வரும்போது அவருடைய கால் தானாக பிரேக்கைத் தேடும். பக்கத்தில் கேப்டன் உட்கார்ந்திருப்பார். கால் மறுபடி ஆக்சிலேட்டருக்குப் போய்விடும். என்றைக்காவது ஒருநாள், ஏதாவது ஒரு வருஷம் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார். பீடத்தில் ஏறிவிட்டால் அந்த வண்டி இனி யார் வாசலிலும் நிற்காது.

"ஒண்ணு கேக்கலாமா வாத்தியாரம்மா?"

"கேளுங்க."

"உங்க வாசல்ல நிக்காத வண்டி. அதுல நீங்க ஏன் கை வைக்கணும்?"

உண்ணாமலை டிராக்டரைக் காட்டினாள். "இதோட ஓனர் போன மாசம் இங்க நின்னுக்கினு இன்னா சொன்னாரு?"

"பொம்பளைக்கு இன்னா தெரியும்னு சொன்னான்."

"அதுக்காக பிரேக்கு சரி பண்ணாம டிராக்டரை அவருக்குத் திருப்பிக் குடுத்தனா?"

"இல்ல."

"எங்க நிக்கணும், எங்க நிக்கக் கூடாதுன்னு அந்த ஜீப்பா முடிவு பண்ணுச்சு? போய் எடுத்துக்கினு வாங்க."

ஜீப் வந்தது. பொங்கலுக்கு வீடுகளுக்கு வெள்ளையடிக்கிற மாதிரியே ஜீப்புக்கும் வருஷா வருஷம் பச்சை அடிப்பார்கள். சுரண்டுவதில்லை, கழுவுவதில்லை, பழைய பச்சையின் மேலேயே புதுப் பச்சை. சக்கரத்துக்கு நடு, பம்பருக்கு அடி, இன்ஜினைத் தாங்குகிற சட்டம், போல்ட்டு, நட்டு, ஒன்று விடாமல். இந்த வருஷத்துப் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை.

உண்ணாமலை ஒரு ஸ்பேனரையும் எடுக்கவில்லை. பின்சீட்டில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஓட்டுங்க."

ஓட்டினார். நிறுத்தினார். கிளம்பினார். டக், டக், டக். ஏரிக்கரை வரை போய்த் திரும்பினார்கள். டீக்கடை முன்னால் நின்று கிளம்பினார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கொட்டகைக்கு வந்து சேர்ந்ததும் அவள் கண்ணைத் திறந்தாள்.

"இப்ப சொல்லுங்க. எப்ப வருது?"

"கிளம்பும்போது."

"எப்ப வரல?"

துரைக்கண்ணு யோசித்தார். இத்தனை நாளாக யாரும் கேட்காத கேள்வி அது. "ஓடும்போது வரல."

"வேற?"

"நின்ன எடத்துல இன்ஜின் ஓடும்போது வரல."

"வேற?"

"அவ்வளவுதான்."

"வண்டி இன்னொரு காரியமும் செய்யுமே?"

சுபேதாருக்குப் புரிந்தது. புரிந்ததும் அவருடைய முகம் சுருங்கிவிட்டது. ஜீப்பிலிருந்து இறங்கி, யாராவது கேட்டுவிட்டார்களா என்று ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அது கூடாதும்மா. அந்த வண்டிக்கு அது கூடாது."

"மூணு மெக்கானிக் வந்தாங்களே, அவங்க யாராவது ரிவர்ஸ் எடுத்துப் பாத்தாங்களா?"

"கேட்டாங்க. நாங்கதான் விடல."

"அப்ப சத்தத்தைக் கேக்கல நீங்க. உங்களுக்குப் புடிச்ச எடத்துல மட்டும் கேட்டீங்க."

"ஊர் பாக்கும்."

"பாக்கட்டும்."

"கேப்டன் என்னைச் சங்கத்தை விட்டே தூக்கிடுவாரு."

"தூக்கட்டும்."

"தங்கச்சி, உனக்குப் புரியல."

கொட்டகைக்குள் நின்றுகொண்டு "தங்கச்சி" என்றுவிட்டார். அவருக்கே திடுக்கென்றது. உண்ணாமலை கோபித்துக்கொள்ளவில்லை. டிராக்டருக்கு அடியில் போய்விட்டாள். கால்கள் மட்டும் தெரிந்தன.

துரைக்கண்ணு ஜீப்பில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எதிரே வீடுகளில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ வாங்கி வைத்த டீ அவர் பக்கத்தில் ஆறிப்போய் ஏடு கட்டியது.

அவருக்கு ஒரு மலைப்பாதை ஞாபகம் வந்தது. முன்னால் பாதை இடிந்து கிடந்தது. வண்டிக்குள் அடிபட்டவர்கள். திருப்ப இடமில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். அந்தப் பாதையில் வளைவுக்கு வளைவு அவர் ரிவர்ஸிலேயே இறங்கினார். வண்டியிலிருந்த ஒருவர்கூடச் சாகவில்லை. அன்றைக்கு வண்டிக்குப் பின்னால், பனியில் முழங்கால் புதைய நின்று, "வாங்க சார், வாங்க, வலது, இன்னும் வலது" என்று கடைசி வரை கை காட்டிக்கொண்டே நடந்தவன் பச்சையப்பன். அதற்கு யாரும் பின்வாங்கல் என்று பெயர் வைக்கவில்லை. அதற்கு ஒரு பாராட்டுக் காகிதம்கூட வந்தது.

இது எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டேதான் இத்தனை வருஷமும் முட்டுச்சந்தில் வண்டியைத் தூக்குகிறவர்களோடு சேர்ந்து நானும் ஏலேலோ போட்டேன் என்று நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் இன்ஜினைக் கிளப்பினார்.

கியர் விழுந்தது. ஜீப் பின்னால் நகர்ந்தது.

முதலில் பார்த்தது எதிர்வீட்டுக்காரர். சுண்ணாம்பு மட்டையை வாளியிலேயே போட்டுவிட்டு, "சுபேதாரே! சுபேதாரே! பின்னால போவுது!" என்று கத்தினார், ஏதோ அவருக்குத் தெரியாமல் வண்டி போகிறது போல. துரைக்கண்ணு அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவர் பின்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தினார். கிளம்பினார். மறுபடி நிறுத்தினார், கிளம்பினார். டீக்கடையைத் தாண்டினார். பிள்ளையார் கோயிலைத் தாண்டினார். கோயில் வாசலில் ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ரோட்டோரம் ஜனம் கூடிவிட்டது. நாய் ஒன்று, தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஜீப்பின் முகத்தைத் துரத்திக்கொண்டு ஓடியது.

சங்கக் கட்டடத்தின் முன்னால் கேப்டன் கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார்.

"துரைக்கண்ணு! மறை கழண்டுடுச்சாய்யா உனக்கு?"

துரைக்கண்ணு இன்ஜினை அணைத்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"சத்தம் வரல சார்."

"செத்தவங்களை அசிங்கப்படுத்துறியேய்யா!"

"பின்னால போனா சத்தம் வரல சார். ஒரு தடவைகூட வரல."

"நான் இன்னா கேக்கறேன், நீ இன்னா சொல்ற?"

"நீங்க கேட்டது காணும் பொங்கலுக்குள்ள சத்தம் போவணும்னு. அதுக்குத்தான் சொல்றேன்."

சொல்லிவிட்டு ஜீப்பைக் கிளப்பி, கேப்டனைச் சுற்றி வளைத்து, முன்னால் ஓட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். கிளம்பும்போது ஜீப் டக் டக் என்றது. அவருக்கு அது சிரிப்பது போல் இருந்தது.

உண்ணாமலை கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இன்னா தெரிஞ்சுது?"

துரைக்கண்ணு இந்தத் தடவை அவசரப்படவில்லை. "பேரிங் போயிருந்தா முன்னால போனாலும் சத்தம் வரணும், பின்னால போனாலும் வரணும். அப்ப நோவு இன்ஜினுக்குள்ள இல்ல."

"சரி."

"முன்னால கிளம்பும்போது இன்ஜின் ஒரு பக்கமா முறுக்கும். பின்னால கிளம்பும்போது எதிர்ப்பக்கமா முறுக்கும். ஒரு பக்கம் முறுக்கும்போது மட்டும் எழுந்து எழுந்து உக்காருது. இன்ஜினைப் புடிச்சுக்கினு இருக்கற எடத்துல ஏதோ ஒண்ணு புடிக்கல."

அவள் ஒரு பழைய சாக்கை ஜீப்புக்கு அடியில் விரித்தாள். அவர் படுத்து உள்ளே நகர்ந்தார். இன்ஜினைத் தாங்குகிற சட்டத்தைத் தடவினார். இரண்டு பக்கமும் போல்ட்டுகள் பளபளவென்று இருந்தன.

"போல்ட்டு இருக்குதே வாத்தியாரம்மா. இறுக்கமாத்தான் இருக்குது."

"போல்ட்டு இருக்குதா, பெயின்ட்டு இருக்குதா?"

ஒரு பழைய கத்தி உள்ளே நீண்டது. அவர் சுரண்டினார். புதுப் பச்சை உரிந்தது. அதற்குக் கீழே போன பொங்கல் பச்சை. அதற்குக் கீழே அதற்கு முந்திய பொங்கல். கோயில் தூணில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறுகிற மாதிரி ஏறிக் கிடந்தது. சுரண்டச் சுரண்ட, ஒரு போல்ட்டின் தலை மெல்ல ஆடியது. விரலால் தொட்டார். தோல் உரிகிற மாதிரி பெயின்ட்டோடு சேர்ந்து கழன்று உள்ளங்கையில் விழுந்தது. தலைதான். உடம்பு எப்போதோ உடைந்து போயிருந்தது.

வெளியே வந்து கையை விரித்துக் காட்டினார். உண்ணாமலை அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"போன வருஷம் முட்டுச்சந்துல தூக்கினீங்களே, எப்படி வெச்சீங்க?"

துரைக்கண்ணு ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். "கை நழுவிடுச்சு. தொப்புன்னு விழுந்துது."

"அதுக்கு அடுத்த வாசல்?"

"இந்த வாசல்தான். எருமை வந்துது."

பிறகு துரைக்கண்ணு எழுந்து போய் வாசலை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதை யார்கிட்டயும் சொல்ல வேணாம்."

"ஏன்?"

"போட வேணாம். அப்படியே விட்டுடலாம். சங்கத்துல பாதிப்பேர் பயந்து போயிருக்கான் தெரியுமா? பச்சையப்பன் வாசல்ல ஒரு தடவை நின்னு பரிகாரம் பண்ணிட்டா சத்தம் போயிடும்னு பேசறான். கேப்டனும் உள்ளுக்குள்ள ஆடிக்கினுதான் இருக்காரு. காணும் பொங்கலன்னைக்கு நாலு வாசல்ல டக் டக்குன்னு தட்டட்டும். அவரே நிறுத்தச் சொல்லுவாரு. நின்ன பிறகு நாம இதை மாத்திக்கலாம்."

சொல்லி முடித்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அந்த வாசலில் ஜீப் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. எப்படி நின்றால் என்ன?

உண்ணாமலை அவரையே பார்த்தாள். அவளுடைய முகம் இறுகியது.

"நிப்பாங்க. பேய் ஓட்டறதுக்கு நிப்பாங்க. எலுமிச்சம்பழத்தை அறுத்து என் வாசல்ல நாலு மூலைக்கும் வீசிட்டு, திரும்பிப் பாக்காம போவாங்க. அதானே?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க வூட்டுக்காரர் பட்டாளத்துல வேலை செஞ்சாரு சுபேதாரே. பேய் வேலை செய்யல."

அலமாரியிலிருந்து ஒரு புது போல்ட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"போடுங்க. சுத்தி இருக்கற பெயின்ட்டை மொத்தமா சுரண்டிட்டுப் போடுங்க. இனிமே உடைஞ்சா உடைஞ்சதுன்னு தெரியணும்."

துரைக்கண்ணு போட்டார். உடைந்து உள்ளே மாட்டியிருந்த துண்டை எடுக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அவள் ஒரு தடவைகூடக் கை கொடுக்கவில்லை. கடைசியில் ஜீப்பை எடுத்து, நிறுத்தி, கிளப்பினார். ஒரு சத்தமும் இல்லை. பூப்போல நகர்ந்தது.

"சத்தம் போயிடுச்சு வாத்தியாரம்மா. இனி பயமும் போயிடும். பரிகாரம் பேசினவன்லாம் நாளைக்கே வாயை மூடிக்குவான்." ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். "இனிமே இந்த வண்டி இங்க எப்படித்தான் நிக்கும்?"

உண்ணாமலை சாக்கை உதறி மடித்தாள்.

"பிரேக்கு யார் காலுக்குக் கீழ இருக்குது?"



காணும் பொங்கலன்று கேப்டன் கஞ்சி போட்ட சட்டையில் மெடல்கள் ஆட, ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ரிவர்ஸ் எடுத்த குற்றத்துக்காக துரைக்கண்ணுவை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கத்தான் நினைத்திருந்தார். அந்தக் காலத்து கியருக்குப் பழகிய கால் வேறு யாரிடமும் இல்லை. விட்டுவிட்டார்.

முதல் வாசலில் நின்று கிளம்பினார்கள். ஜனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது வாசல், முட்டுச்சந்து வாசல், எதிலும் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் பேருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. கேப்டன் மீசையைத் தடவிக்கொண்டார்.

"பாத்தியாய்யா? பேயும் இல்ல, பிசாசும் இல்ல. ஒரு போல்ட்டு."

"ஆமா சார். ஒரு போல்ட்டு."

"பரிகாரம் பண்ணணும்னானே, அவனுங்களைக் கூப்பிட்டுக் கேக்கணும்."

ஜீப் மெயின் ரோட்டுக்குத் திரும்பியது. நினைவுக் கல்லுக்கு முன்னால் இனி நிற்க வேண்டிய வாசல் எதுவும் இல்லை. தகரக் கொட்டகை தெரிந்தது. உண்ணாமலை பண்டிகை நாள் என்றும் பார்க்காமல் ஒரு மினி லாரியின் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் கோலம் மட்டும் பெரிதாகப் போட்டிருந்தாள். ரோட்டில் எருமை இல்லை. ஒரு கோழிகூட இல்லை.

துரைக்கண்ணுவின் கால் பிரேக்கைத் தேடியது. இந்தத் தடவை அது ஆக்சிலேட்டருக்குத் திரும்பிப் போகவில்லை.

ஜீப் கோலத்தின் விளிம்பில் நின்றது. அவர் இன்ஜினை அணைத்தார்.

"எதுக்குய்யா நிறுத்தின?" என்றார் கேப்டன்.

அவர் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"துரைக்கண்ணு, வண்டியை எடு. இது என் ஆர்டர்."

துரைக்கண்ணு இறங்கினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்த வாசலைப் பார்த்து விறைத்து நின்று, சல்யூட் அடித்தார். கையை இறக்கவில்லை. பின்சீட்டிலிருந்து ஒருவர் இறங்கி அவர் பக்கத்தில் நின்றார். பிறகு இன்னொருவர். மற்றவர்கள் கேப்டன் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருந்தார்கள்.

உண்ணாமலை பானெட்டை மூடிவிட்டுத் திரும்பினாள். சொம்பு எடுக்க உள்ளே போகவில்லை. ரேடியேட்டருக்கு ஊற்றுகிற, கிரீஸ் விரல் பதிந்த மக்கில் தண்ணீர் மொண்டு, கோலத்தைத் தாண்டி வந்தாள். ஜீப்பின் பின்னால் போய், ஒரு சொட்டு சிந்தாமல் கேனில் ஊற்றினாள். மூடியைத் திருகினாள்.

கேப்டனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. சுபேதாரிடம் கேட்டுப் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவளிடம் திரும்பினார்.

"ஏம்மா, வண்டியைச் சரி பண்ணிட்டேன்னுதானே சொன்ன? அப்புறம் ஏன் இங்க நிக்குது?"

உண்ணாமலை காலி மக்கைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"சரி பண்ணதாலதான் நிக்குது சார்."